அண்ணி சொன்ன பதினொன்று

எங்கள் அண்ணியைச் சோம்பேறி என்று முதன்முதலில் சொன்னது நான் இல்லை, அவரைப் பெற்ற அம்மா. ஆனால் அதிகத் தடவை சொன்னது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்புறம் நான் மற்றவர்களைத் திட்டும்போது, நீ மட்டும் என்ன யோக்கியம் என்று யாரும் கேட்க வேண்டாம் பாருங்கள்.

அண்ணி என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் வீடு இரண்டாவது மாடியில், தண்ணீர்க் குழாய் கீழே. வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார். படி திரும்பும் இடத்தில் வாளியை இறக்கிவிட்டு, கீழே எதையோ மறந்து வைத்துவிட்ட மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். தினமும் அதே இடத்தில் அதே மறதி. எனக்கு அப்போது பதினாறு வயது, வாய் காது வரைக்கும். "ஆமை வருது, எல்லாரும் வழி விடுங்க!" என்று மேலிருந்து கத்துவேன். அண்ணி சிரிப்பார். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அண்ணி பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்த பிள்ளையாம். "இது பொறந்ததுலேருந்தே இப்படித்தான் டீச்சர், உடம்பு வணங்காது" என்று அவருடைய அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாராம். அண்ணி அதை நம்பிவிட்டார். தன்னைச் சோம்பேறி என்று நம்புகிற ஒருத்தி என்ன செய்வாள்? உட்காரவே மாட்டாள். எங்கள் வீட்டில் முதலில் எழுந்தது அண்ணி, கடைசியில் சாப்பிட்டது அண்ணி. நடுவில் எங்கேயாவது சுவரில் சாய்ந்தால்கூட, "இதோ, ஒரு நிமிஷம், வந்துட்டேன்" என்று யாரும் கேட்காமலே பதில் சொல்வார். அப்படி ஒருவரை ஆமை என்று கூப்பிட்ட நாக்கு இது.

நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் அண்ணியைச் சேர்த்துவிட்டதும் நான்தான். நான்கு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் எங்களிடம் வருகின்றன. துவைப்பது கீழ்த்தளத்தில். உலர்த்துவதும் இஸ்திரி போடுவதும் மேல்தளத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒரு லிஃப்ட் இருக்கிறது, இரண்டு வருஷமாக ஓடவில்லை. 'பழுது பார்க்கப்படுகிறது' என்று அதில் மாட்டிய அட்டை நைந்துபோய்விட்டது என்று, போன வருஷம் புது அட்டை வாங்கி மாட்டினார்கள். அட்டைக்குக் கிடைத்த கவனிப்பு லிஃப்டுக்குக் கிடைக்கவில்லை.

அதனால் ஈர மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சரிவுப் பாதை வழியாக மேலே தள்ள வேண்டும். வண்டிக்குப் பன்னிரண்டு மூட்டை. ஈரத் துணியின் கனம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வண்டியிலும் சக்கரத்துக்கு அணை கொடுக்க ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அதை யாரும் தொட்டதில்லை. சரிவில் நடுவழியில் நிற்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை, ஆனால் யாரும் நிற்க மாட்டார்கள். நின்றால் பின்னால் வருகிற வண்டியும் நிற்கும். பத்து பேர் பார்ப்பார்கள். அப்புறம் மேலாளர் பார்ப்பார்.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். கையில் ஒரு நிறுத்து கடிகாரத்தை வைத்துக்கொண்டு சரிவின் உச்சியில் நிற்பார். 'முடியல' என்ற வார்த்தை யார் வாயிலிருந்து வந்தாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ரொம்பத் தன்மையாக, "அப்படியாம்மா, அப்ப துண்டு மேசைக்குப் போயிடு" என்பார். துண்டு மேசை என்றால் உட்கார்ந்துகொண்டு கைத்துண்டு மடிக்கிற வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வாரத்தில் மூன்று நாள்தான் கூப்பிடுவார்கள். அதனால் எங்கள் கூடத்தில் யாருக்கும் எதுவும் முடியாமல் போனதே கிடையாது. நாக்குத் தள்ளினாலும் "பரவால்ல சார்" என்போம்.

இந்த இடத்துக்குத்தான் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சோதனை செய்ய ஆள் வந்தார்கள். எவ்வளவு பாரம் தள்ளினால் உடம்புக்குத் தாங்கும் என்று கண்டுபிடித்துச் சொல்லப்போகிறார்களாம். பொறுப்பாக வந்தது ஓர் இளம்பெண். முதல் நாள் எல்லார் கையிலிருந்தும் ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டாள். அப்புறம் சாமான் அறையில் ஒரு மிதிவண்டியைத் தரையில் பொருத்தி வைத்தாள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை மிதிப்பதைக் கடினமாக்குவாள். ஒவ்வொரு தடவையும் காது மடலில் ஊசியால் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அதைக் கைக்கடக்கமான ஒரு கருவியில் வைப்பாள். உடனே கண்ணுக்கு முன்னால் ஓர் அட்டையை நீட்டி, "எவ்வளவு கஷ்டமா இருக்கு? ஒரு நம்பர் சொல்லுங்க" என்பாள். அட்டையில் ஆறிலிருந்து இருபது வரை. பதினொன்றுக்கு நேராக 'லேசு'. பதினைந்துக்கு நேராகக் 'கஷ்டம்'. பத்தொன்பதுக்கு நேராக 'மிக மிகக் கஷ்டம்'.

"ஆறுலேருந்து ஏன் ஆரம்பிக்குது? ஒண்ணு, ரெண்டெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டான் நெட்டையன். எங்கள் கூடத்தில் வண்டி தள்ளுகிறவன், எதிலும் முதலில் வாயைத் திறப்பவன்.

"பத்தால பெருக்கிப் பாருங்கண்ணா. சும்மா இருக்கறப்ப நெஞ்சு நிமிஷத்துக்கு அறுபது தடவ அடிக்கும். உயிரக் குடுத்து ஓடினா இருநூறு. அதுக்குத் தோதா வச்சிருக்காங்க."

"அப்ப காதுல எதுக்குக் குத்தறீங்க?"

"நீங்க வாயால சொல்றது ஒண்ணு. உங்க ரத்தம் சொல்றது ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து போகுதான்னு பாக்கத்தான்."

சேர்ந்து போகாது என்று எனக்கு அப்போதே தெரியும். சோதனை நடக்கும் அறையில், அந்தப் பெண்ணுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு கடிகாரம் நிற்கிறாரே! நான் மிதித்து முடித்தபோது தொடை இரண்டும் தீயாக எரிந்தது. வாய் "பன்னெண்டு" என்றது. நெட்டையன் வியர்வையில் குளித்துக்கொண்டே "பத்து" என்றான்.

அடுத்தது அண்ணி. வாசலில் நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அண்ணி, நான்தான் உங்கள இங்க சேத்துவிட்டேன். எம் மானத்த வாங்கிடாதீங்க. சின்ன நம்பரா சொல்லுங்க" என்றேன். இதைச் சொன்ன என்னை என்ன செய்தால் தகும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அண்ணி மிதித்தார். இரண்டாவது கட்டத்திலேயே உதடு வெளுத்துவிட்டது. அட்டையை நீட்டியபோது, "பதினொண்ணு" என்றார். அடுத்த கட்டத்தில் கழுத்து நரம்பு புடைத்தது, பேச்சு வரவில்லை, விரலால் தொட்டுக் காட்டினார். அதுவும் பதினொன்று. அந்தப் பெண் கருவியைப் பார்த்தாள், அண்ணி முகத்தைப் பார்த்தாள். கருவிதான் கெட்டுவிட்டதோ என்று அடுத்த காதிலும் குத்திப் பார்த்தாள். "அக்கா, உண்மையாவா?"

"அதான் சொல்றாங்கல்ல. எழுதிக்கம்மா" என்றார் கடிகாரம்.

பத்து நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. எங்கள் பெயர்களுக்கு நேராக நாங்கள் சொன்ன நம்பர்கள். அடியில் சராசரி: பதினொன்று. 'வேலை லேசாக இருப்பதாக ஊழியர்களே தெரிவித்திருப்பதால் திங்கட்கிழமை முதல் வண்டிக்குப் பதினாறு மூட்டை.' தாளின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. நகல் இயந்திரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மூட்டை கூடுதல்! எல்லாருக்கும் வயிறு எரிந்தது. கடிகாரத்தைத் திட்ட முடியாது, அதனால் அண்ணியைத் திட்டினார்கள். மற்றவர்களாவது பத்து, பன்னிரண்டு என்று கொஞ்சம் மாற்றி மாற்றிச் சொல்லியிருந்தார்கள், அண்ணி மட்டும் கடைசிவரை ஒரே நம்பர். "ஏங்க பதினொண்ணு, இந்த நாலு மூட்டையும் நீங்களே தள்ளிருங்களேன், உங்களுக்குத்தான் லேசாச்சே" என்றான் நெட்டையன், பத்து என்று சொன்ன அந்த மகானுபாவன். அன்றிலிருந்து அண்ணியின் பெயர் பதினொண்ணு. அண்ணி வழக்கம்போல் சிரித்தார். பதினாறு மூட்டையைத் தள்ளிக்கொண்டு அவர் மேலே வந்து சேர்ந்தபோது, இஸ்திரி மேசையிலிருந்து பார்த்தேன். வண்டியைத் தள்ளுகிறாரா, வண்டியின் மேல் சாய்ந்திருக்கிறாரா என்று தெரியவில்லை.

அந்த வாரமே சோதனைக்காரப் பெண் மறுபடி வந்தாள். அவரவர் ரத்தக் கணக்கு அவரவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் நிலையத்தின் விதியாம். சாப்பாட்டு அறையில் ஒவ்வொருவருக்கும் ஓர் உறை கொடுத்தாள். அண்ணியின் உறையை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு, எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்களுக்கு மாடி ஏறுனா மூச்சு வாங்குமா?"

"எல்லாருக்கும் வாங்குறதுதானேம்மா. எனக்குக் கொஞ்சம் சோம்பேறித்தனம் ஜாஸ்தி."

அந்தப் பெண் தாளைத் திருப்பி வைத்தாள். "முதல் நாள் கையிலேருந்து ஒரு குழாய் ரத்தம் எடுத்தோம்ல? காத்துலேருந்து ஆக்சிஜனத் தூக்கிட்டுப் போறது ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின்தான், அதுக்கு இரும்புச் சத்து வேணும். பொம்பளைங்களுக்குப் பன்னெண்டாவது இருக்கணும். உங்களுக்கு எட்டுதான் இருக்கு. தூக்கிட்டுப் போக ஆள் இல்ல. தசைக்கு ஆக்சிஜன் பத்தலன்னா அது சக்கரைய அவசர அவசரமா எரிக்கும். அப்ப லாக்டேட்னு ஒண்ணு ரத்தத்துல ஏறும். அது விஷமெல்லாம் இல்ல, ஆனா அது ஏற ஏற, உடம்பு திணறுதுன்னு அர்த்தம். பொதுவா அது நாலத் தாண்டறப்பவே மனுஷங்க 'கஷ்டம்'னு சொல்ல ஆரம்பிச்சிருவாங்க. உங்களுக்கு ஒம்பது. ஒம்பதுல உக்காந்துகிட்டு, லேசுன்னு சொல்றீங்க."

அண்ணி தாளைப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை மாதிரி அந்த எட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது எப்பலேருந்துமா இப்படி?"

"தெரியலக்கா. மாசாமாசம் ரொம்பப் போகுமா?"

"பதிமூணு வயசுலேருந்து."

"அப்ப அப்பலேருந்தேகூட இருக்கலாம். டாக்டர்தான் பாத்துச் சொல்லணும்."

அண்ணி அந்த எட்டிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, பக்கத்தில் நான் இருப்பதையே மறந்துவிட்டுக் கேட்டார். "அப்ப நான் சோம்பேறி இல்லையாம்மா?"

நாற்பத்துமூன்று வயதில் ஒரு மனுஷி கேட்கிற கேள்வியா இது! எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் ஆத்திரம் என்று சொல்லத் தெரியவில்லை, அதனால் அந்தப் பெண்ணின் மேலேயே பாய்ந்தேன். "இவ்வளவும் தெரிஞ்சு வச்சுகிட்டா நாலு மூட்டைய ஏத்திவிட்டீங்க? யாருக்குக் காது குத்துறீங்க?"

"நாங்க ஏத்தலக்கா!" அவளுக்கும் முகம் சிவந்துவிட்டது. "உங்க சார்கிட்ட ரெண்டு பத்தி நம்பரையும் ஒரே தாள்ல சேத்துத்தான் குடுத்தோம். ஒண்ணு நீங்க சொன்னது, இன்னொண்ணு ரத்தம் சொன்னது. பாதி பேருக்கு ரெண்டும் ஒத்தே வரல, இத வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்கன்னு கடுதாசியும் எழுதினோம். அவரு ரத்தப் பத்திய மடிச்சு உள்ள தள்ளிட்டு நகல் எடுத்திருக்காரு. பலகையில பாத்தேன், மடிப்புக் கோடு அப்படியே தெரியுது."

அந்தக் கறுப்புக் கோடு! எங்கள் ரத்தத்தை மடித்து வைத்துவிட்டு வாயை மட்டும் ஒட்டி வைத்திருக்கிறார். அந்த வாயும் அவருக்குப் பயந்த வாய்.

சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், இந்தத் தடவை சரிவுப் பாதையிலேயே செய்வோம் என்று நிலையத்திலிருந்து எழுதினார்கள். மேலாளர் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். அதற்குக் கடிகாரம், "இது என் தளம். எங்க நிக்கணும்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்" என்று உச்சியில் போய் நின்றுகொண்டார்.

அதற்குள் அண்ணியை டாக்டரிடம் காட்டிவிட்டோம். இரும்பு மாத்திரை, மற்ற சோதனைகள், பாரம் தள்ளக் கூடாது. நான் விடுப்பு எடுக்கச் சொன்னேன். அண்ணி கேட்கவில்லை. "பதினொண்ணுன்னு நான் சொன்ன பொய்யும் அந்தத் தாள்ல இருக்கு. அத நான்தான் திருப்பி வாங்கணும்" என்றார். சோதனைக்காரப் பெண்ணும் தயங்கினாள். கடைசியில், "எங்க நிக்கணும்னு தோணுதோ அங்க நின்னுரணும், ஒரு அடி கூட எடுத்து வைக்கக் கூடாது" என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லித்தான் விட்டாள்.

பதினாறு மூட்டை. சரிவில் மூன்று மஞ்சள் கோடுகள் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் அட்டையோடு பக்கத்திலேயே நடந்தாள். பின்னால் நெட்டையனின் வண்டி, அதற்குப் பின்னால் இன்னும் மூன்று. நான் இஸ்திரியை அணைத்துவிட்டு உச்சிக்கு வந்து நின்றேன். கடிகாரம் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன்.

முதல் கோட்டில் அண்ணி, "பதினஞ்சு" என்றார். கடிகாரத்தின் தலை நிமிர்ந்தது. இரண்டாவது கோட்டுக்கு முன்னாலேயே அண்ணி நின்றுவிட்டார். நான் அறிந்து அந்தச் சரிவில் யாரும் நடுவழியில் நின்றது அதுதான் முதல் தடவை. கயிற்றில் தொங்கிய மரக்கட்டையைக் காலால் தள்ளிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். எதையோ மறந்துவிட்ட மாதிரி கீழே பார்க்கவில்லை. நேராக மேலே பார்த்தார்.

"பத்தொம்பது."

"என்னம்மா இது? போன தடவ பதினொண்ணுன்னு சொன்ன?" என்றார் கடிகாரம்.

"போன தடவ பொய் சொன்னேன் சார்."

"ஏன் பொய் சொன்ன?"

"நீங்க நின்னுட்டிருந்தீங்க."

கடிகாரம் குரலைத் தன்மையாக்கிக்கொண்டு, "முடியலன்னா துண்டு மேசைக்குப் போயிடும்மா" என்றார்.

"போறேன் சார். இவங்க எழுதி முடிக்கட்டும்." அண்ணி தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார். அந்தப் பெண் குத்தினாள், கருவியைப் பார்த்தாள், நம்பரை எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள். "ரத்தம் ஒம்பதரை. ரெண்டும் ஒத்துப் போகுது."

கீழே மரக்கட்டை தரையில் இடிபடும் சத்தம் கேட்டது. நெட்டையன் தன் வண்டிக்கு அணை கொடுத்திருந்தான். "எனக்குப் பதினேழு, எழுதிக்கங்க! போன தடவ பத்துன்னது சும்மா வாய்க்கு வந்தது." அவனுக்குப் பின்னால் இன்னொரு கட்டை. "பதினாறு." இன்னொன்று. "பதினெட்டு." ஐந்து வண்டிகளும் சரிவில் வரிசையாக நின்றன. கடிகாரத்தின் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை.

அண்ணியை அன்றைக்கே துண்டு மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். வாரம் மூன்று நாள். இது நியாயமா என்று கேட்கப் போன எனக்கு, "டாக்டரே பாரம் தள்ளக் கூடாதுன்னு சொல்லியிருக்காராமே" என்று பதில் வந்தது. மடித்து மறைத்த ரத்தம் அவருக்குத் தோதான இடத்தில் மட்டும் வெளியே வந்துவிட்டது, பாருங்கள்! ஆனால் அதற்குப் பிறகு பதினாறு மூட்டை ஏற்றிய எந்த வண்டியும் நிற்காமல் மேலே வரவில்லை. நடுவழியில் நிற்கும், கட்டை விழும், தள்ளுகிறவர் உரக்க ஒரு நம்பர் சொல்லுவார், மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தள்ளுவார். இரண்டு வாரம் இப்படி. ஒரு புதன்கிழமை காலையில் பலகையில் அந்தத் தாள் இல்லை, வண்டிக்குப் பன்னிரண்டு மூட்டைதான் ஏற்றினார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. லிஃப்டில் அந்தப் புது அட்டை இன்னும் தொங்குகிறது.

வீட்டில் என் அண்ணனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆள் எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். இருபத்தோரு வருஷத்துக்கு அப்புறம்! அவரைப் பாராட்ட எனக்கு மனசு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி அவருடைய அம்மாவுக்குப் போன் போட்டார். அந்த அம்மா அண்ணியின் தம்பி வீட்டில் இருக்கிறார், மூன்றாவது மாடியில். ஒலியைக் கூட்டி வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது. பேச்சுக்கு முன்னால் மூச்சுதான் கேட்டது.

"என்னம்மா இப்படி மூச்சு வாங்குது?"

"இப்பத்தான் கடைக்குப் போயிட்டு ஏறி வந்தேன். ஒண்ணுமில்ல."

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு ஆறிலிருந்து இருபது வரை பொறுமையாக விளக்கினார். ஆறுன்னா சும்மா உக்காந்திருக்கற மாதிரி, பதினொண்ணுன்னா லேசு, பத்தொம்பதுன்னா இதுக்கு மேல ஒரு படிகூட முடியாது. "இப்ப ஏறி வந்தியே, உனக்கு எத்தனம்மா?"

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம். யாரோ நடமாடுகிறார்கள்.

"பதினொண்ணுன்னு வச்சுக்கயேன்" என்றார் அந்த அம்மா.

அண்ணியின் கண் கலங்கியது. "யாரும்மா பக்கத்துல?"

"உன் தம்பி பொண்டாட்டி. வேற யாரு?"

"சரி. அவ அந்தப் பக்கம் போனதும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு அண்ணி போனை மேசையில் வைத்தார். அந்தத் தம்பி மனைவியை எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷம் நானே அவளாக இருந்திருக்கிறேன்.

அரை மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. அந்த அம்மா நலம் விசாரிக்கவில்லை. குரலை இறக்கி ஒரே வார்த்தை சொன்னார்.

"பத்தொம்பது."

வைத்துவிட்டார்.